மழை நாளும் கொடுத்த வாக்கும்

கேள்வி:

எனக்கு வயது 28. மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். ஓர் ஆம்னி வேனில் 200 லிட்டர் தண்ணீர் டேங்க், பிரஷர் வாஷர், வாக்குவம் கிளீனர் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலுக்கே போய் கார் கழுவி, பாலிஷ் போட்டு, உள்ளே சுத்தம் செய்து கொடுக்கிறேன். இரண்டு வருடமாகிறது. கூட ஒரு பையன் வேலை செய்கிறான். வெயில் காலத்தில் மாதம் 60 வண்டி வரை ஓடும். அக்டோபர் பிறந்தால் பாதிகூட வருவதில்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் 6 புக்கிங். காலையில் 3 வண்டி முடித்தேன். மதியம் பிடித்த மழை இரவு வரை விடவில்லை. மீதி 3 பேரிடம் போக முடியவில்லை. அதில் ஒருவர், “சாமி கும்பிடுற நாள்ல வண்டியை அழுக்கோட நிக்க வச்சிட்டியேப்பா” என்று திட்டினார். 12 மணிக்குக் கழுவி முடித்த வண்டியும் அரை மணி நேரத்தில் நனைந்துவிட்டது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

இதைவிடப் பெரிய அடி அடுத்த மாதம் விழுந்தது. ஒரு கருப்பு காருக்கு 18,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் ஒப்புக்கொண்டு, அவர்கள் வீட்டு முற்றத்தில் திறந்தவெளியில் வைத்தே போட்டேன். முடித்து இரண்டு மணி நேரத்தில் தூறல். மறுநாள் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கறை. பாக்கி 9,000 ரூபாயைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கூகுளில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு எழுதியும் விட்டார்.

மழை என் தப்பா ஐயா? மழை வரும்போல இருந்தால் போவதா, வேண்டாமா? கழுவின பிறகு பெய்தால் இலவசமாகத் திரும்பக் கழுவிக் கொடுக்க வேண்டுமா? இந்த மூன்று மாதத்தை எப்படித் தாண்டுவது?

— ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

மழை உங்கள் தப்பில்லை. ஆனால் போக முடியாத அந்த மூன்று பேருக்கும் எத்தனை மணிக்கு போன் செய்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் தேடினேன். இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் மழை பெய்ததற்காக என்னைத் திட்டிய கஸ்டமர் மிகக் குறைவு. காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள், தாங்களே போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தவர்கள், இவர்கள்தான் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வானம் நம் பேச்சைக் கேட்காது. ஆனால் வேலை தள்ளிப்போகும் என்பதை அவர் கேட்பதற்கு முன்னால் நாம் சொல்லிவிடலாம். மழைக்காலத் தொழிலின் பாதி இதில் இருக்கிறது.

முதலில் அந்தக் கருப்பு காரைப் பார்ப்போம். உங்கள் கேள்விகளில் அது மட்டும்தான் இன்னும் தீராத கடன்.

செராமிக் கோட்டிங் காய்ந்ததுபோலத் தெரிவதற்கும் உண்மையில் இறுகுவதற்கும் நடுவே நீண்ட நேரம் இருக்கிறது. கையால் தொட்டால் ஒட்டாது, கண்ணுக்குப் பளபளக்கும். உள்ளே அது இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். முதல் 24 மணி நேரமாவது ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு போடக்கூடாது என்பது பொதுவான விதி. பாட்டிலோடு வரும் சீட்டில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அந்த நேரத்துக்குள் மழைத்துளி விழுந்து அப்படியே காய்ந்தால், துளியின் ஓரம் கோட்டிங்கில் வட்டமாகப் பதிந்துவிடும். அதுதான் நீங்கள் மறுநாள் பார்த்த கறை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பூசிய பிறகு எத்தனை நிமிடத்தில் துடைத்தெடுக்க வேண்டும் என்கிற கணக்கு மாறிப்போகும். வெயில் நாளின் பழக்கத்தில் துடைத்தால் அங்கங்கே எண்ணெய் தடவியதுபோலத் திட்டு நிற்கும். இறுகிய பிறகு பாலிஷ் மெஷின் இல்லாமல் அது போகாது.

ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் கோட்டிங் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் கெஞ்சினாலும், அன்று காலை வானம் பளிச்சென்று இருந்தாலும் வேண்டாம். மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் உள்ள இடத்தில் வண்டி ஒரு முழு நாளாவது நிற்க வேண்டும். அந்த வசதி அவர் வீட்டில் இல்லையென்றால், தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷெட்டை இரண்டு நாள் வாடகைக்குப் பிடியுங்கள், வாடகையை ரேட்டிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். ஒத்துவராதவருக்கு, “ஜனவரியில் போட்டுத் தருகிறேன் சார், இப்போது போட்டால் உங்கள் பணம் வீண்” என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவனை அவர் மறக்கமாட்டார்.

அந்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள். பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். “திறந்தவெளியில் போட்டது என் தவறு. கறை பட்ட இடத்தை எடுத்துவிட்டு, கூரை உள்ள இடத்தில் வைத்து நானே மறுபடி போட்டுத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். கறை மேலோடு இருந்தால் மென்மையான பேடில் லேசான பாலிஷ் போதும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த துடைப்புத் திரவத்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, அந்தப் பாகத்துக்கு மட்டும் புதிதாகக் கோட்டிங் போடலாம். முடித்ததும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து பானெட்டைப் பாருங்கள். நேராகப் பிடித்தால் தெரியாத திட்டெல்லாம் சாய்வு வெளிச்சத்தில் தெரியும். அவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டுங்கள். பாக்கியைத் தருவாரா, அந்த ஒரு ஸ்டாரை மாற்றுவாரா என்பது அவர் விருப்பம். உங்கள் கை வேலை கறையோடு ஊருக்குள் ஓடக்கூடாது.

அடுத்து, போவதா வேண்டாமா என்ற கேள்வி.

சென்னைக்கு வருடத்தில் சுமார் 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பெய்துவிடுகிறது. ஆனால் அந்த மழை நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்வதில்லை. வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்தில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அடித்துவிட்டு, முற்பகலுக்கு மேல் ஓய்ந்துவிடும் நாட்கள் நிறைய. ஜூன் முதல் செப்டம்பர் வரை நேர்மாறு. பகல் முழுக்கக் காய்ந்து, மாலையிலும் இரவிலும் இடியோடு கொட்டும். ஆயுத பூஜை இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும் பண்டிகை. பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். அதற்கு முன்னால் வருகிற பூஜைக்கு மதியத்துக்கு மேல்தான் பயம். உங்களுக்கும் அன்று அப்படித்தான் நடந்திருக்கிறது.

அதனால் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் புக்கிங் எடுக்காதீர்கள். செப்டம்பர் வரை வெளிப்புற வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 9 மணிக்கு மேல் புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஷாம்பு போடாதீர்கள், தேய்ப்பதற்குள் காய்ந்து கறையாகும். பருவமழை தொடங்கியதும் வெளிப்புற வேலையை 11 மணியிலிருந்து 4 மணிக்குள் வையுங்கள். காலை வேளையைக் கூரையின் கீழ் நிற்கும் வண்டிகளுக்குக் கொடுங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அன்று வானிலை மையத்தின் பேச்சை மட்டும் கேளுங்கள்.

நுங்கம்பாக்கம் வானிலை மையம் தருகிற எச்சரிக்கை நிறங்களைப் படிக்கப் பழகுங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டிய நாள். ஆரஞ்சு என்றால் முன்னேற்பாட்டோடு இருக்க வேண்டிய நாள், அன்று வெளிப்புற வேலை வேண்டாம். சிவப்பு என்றால் வேனையே எடுக்காதீர்கள். ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்பது அவர்கள் அளவு. இந்த எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துச் சொல்வது. வேளச்சேரியில் கொட்டும்போது அண்ணா நகர் காய்ந்துகிடக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பையும் ரேடார் படத்தையும் ஒரு முறை பாருங்கள். மேகம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று பத்து நாள் பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். “சார், மழை வரும்போல இருக்கு, வரட்டுமா வேண்டாமா?” என்று அவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு அந்தத் தொழில் தெரியாது. வரச் சொல்லி, பிறகு நனைந்துவிட்டால் அவருக்கு உங்கள் மீதுதான் வருத்தம் வரும். முந்தின நாள் இரவு 8 மணிக்கு ஒரு செய்தி, அன்று கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இன்னொரு செய்தி. இதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் சார். நாளை பகல் 11 மணிக்கு உங்கள் வண்டி. மழை எச்சரிக்கை இருப்பதால் காலை 9 மணிக்கு மறுபடி பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன். வர முடியாமல் போனால் வியாழன் 11 மணி அல்லது சனி 2 மணி உங்களுக்காக வைத்திருக்கிறேன். கொடுத்த அட்வான்ஸ் அப்படியே இருக்கும்.”

அந்தக் கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். தள்ளிவைக்கிறோம் என்று சொல்லும்போதே மாற்று நேரத்தையும் கொடுத்துவிட வேண்டும், அவர் பணம் பத்திரமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்காக மழை மாதங்களில் வாரத்தில் அரை நாளையாவது யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருங்கள். தள்ளிப்போன வேலைகள் அங்கே போய் உட்காரும்.

ஆயுத பூஜைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஒரே நாளில் 6 வண்டியை எடுக்காதீர்கள். உள்வேலை, பாலிஷ், டயர் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் முன்னதாக முடித்துவிட்டு, பூஜையன்று காலை 15 நிமிடம் வந்து துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே ரேட். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சை வைக்கிற அந்த நேரத்தில் வண்டி சுத்தமாக நிற்க வேண்டும் என்பதே அவர் ஆசை. முதல் நாள் எப்படி இருந்தது என்பதை அவர் பார்க்கப் போவதில்லை.

கழுவின பிறகு மழை வந்தால்? பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நீங்கள் உழைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு வாக்குக் கொடுங்கள். வேலை முடிந்த 24 மணி நேரத்துக்குள் மழை பெய்து வண்டி கெட்டால், ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை வெளிப்புறம் மட்டும் அலசித் துடைத்துத் தருவேன், உள்வேலை இதில் சேராது. இதைப் புக்கிங் சமயத்திலேயே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தேய்க்க வேண்டிய அழுக்கு இருக்காது. இரண்டு வாளித் தண்ணீர், சுத்தமான இரண்டு மைக்ரோஃபைபர் துணி, அரை மணி நேரம். அந்தப் பக்கம் வேறு வேலை இருக்கும் நாளில் போனால் எரிபொருள் செலவும் தனியாக இல்லை. முன்பே சொன்னால் இது சலுகை. அவர் சண்டை போட்ட பிறகு செய்தால் அபராதம்போல ஆகிவிடும்.

“மழையே கழுவிவிடுகிறதே, உனக்கு எதற்குப் பணம்?” என்று கேட்பவர்களும் உண்டு. அவரை வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மழை மேலிருந்து தூசியைக் கீழே இறக்குகிறது, சாலை கீழிருந்து சேற்றை மேலே ஏற்றுகிறது. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள் விரலை விட்டால் மண் கட்டியாக வரும். பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைக் காட்டுங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் இலைச் சருகு ஊறிக்கிடக்கும். அது வடிகால் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். கதவின் அடியில் சிறு சிறு ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். ஒரு கஸ்டமர் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

மூன்று மாதத்தைத் தாண்டுகிற வழியும் இங்கேதான் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே “மழைக்கு முந்தின வேலை” என்று ஒன்றை எடுங்கள். வடிகால்களைச் சுத்தம் செய்வது, சன்ரூஃப் இருந்தால் அதன் குழாயைப் பார்ப்பது, கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் படலத்தைத் தேய்த்தெடுத்து மழைநீர் வழுக்கி ஓடுகிற பூச்சு போடுவது, மங்கிய ஹெட்லைட்டைப் பாலிஷ் செய்வது, வண்டியின் பாடிக்கு ஒரு கோட் வாக்ஸ் போடுவது. இரவு மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணாடியில் சிதறாமல் இருந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே காப்பு. இதை நான் வியாபாரப் பேச்சாகச் சொல்லவில்லை.

பிறகு, கூரையின் கீழ் நிற்கும் வண்டிகளைத் தேடிப் போங்கள். உங்கள் பக்கத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் இல்லாத அபார்ட்மென்ட் எத்தனை இருக்கும்? அசோசியேஷன் செயலாளரைப் பார்த்து, தரையில் தண்ணீர் ஓடாமல் வேலை செய்வீர்கள் என்று உறுதி கொடுங்கள். ரின்ஸ்லெஸ் வாஷ் என்கிற முறையில் ஒரு வாளிக் கரைசலே போதும். ஆனால் சேறு அப்பிய வண்டிக்கு அது ஆகாது. மணலை வைத்துத் தேய்த்தால் பெயின்ட்டில் கீறல்தான் மிஞ்சும். புக்கிங் எடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டி எங்கே நிற்கிறது, மேலே கூரை இருக்கிறதா, பக்கத்தில் பிளக் பாயின்ட் உண்டா. 10 அடிக்கு 10 அடி கூடாரம் வாங்கலாமா என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அது 3 மீட்டர் சொச்சம்தான். ஸ்விஃப்ட் காரே 4 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாங்கினால் 20 அடி நீளத்தில் வாங்குங்கள். கால்களுக்குக் கனம் கட்டாமல் நிறுத்தாதீர்கள், காற்று அடித்தால் உடனே பிரித்துவிடுங்கள். பறந்த கூடாரம் பக்கத்து வண்டியின் கண்ணாடியில்தான் போய் விழும்.

உள்வேலையில் ஓர் எச்சரிக்கை. நான் பட்ட பாடு. பல வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், துணி சீட் போட்ட ஒரு காரை ஷாம்பு போட்டுக் கழுவி, மேலே தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நம்பி மாலையே சாவியைக் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். கதவைத் திறந்ததும் ஊறின சாக்கு வாடை. குழந்தை உட்காரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அவர் சத்தம்கூடப் போடவில்லை. “தம்பி, பிள்ளைக்கு ஏற்கெனவே வீசிங் இருக்கு” என்று மட்டும் சொன்னார். சீட்டைக் கழற்றி எடுத்துவந்து, இரண்டு நாள் ஃபேன் போட்டுக் காயவைத்து, பூஞ்சையை எடுத்துத் திரும்பப் பொருத்தினேன். அன்றிலிருந்து மழை மாதத்தில் சீட்டை நனைப்பதில்லை. நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்துத் தேய்த்து, உடனே எக்ஸ்ட்ராக்டரால் ஈரத்தை உறிஞ்சி, வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, ஏசியை அரை மணி நேரம் ஓட விடுவேன். பிறகு வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சீட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவேன். பேப்பரில் ஈரம் தெரிந்தால் சாவி கைமாறாது.

வெள்ளம் புகுந்த வண்டிக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அப்படி நிறுத்த முடியாமல் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருகலில் எஞ்சினே போய்விடும். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் நீங்கள் எதையும் கழுவாதீர்கள். தண்ணீர் ஏறிய கோடு சேற்றில் பதிந்திருக்கும். அவருக்கு அது சாட்சி. போட்டோ எடுக்க உதவுங்கள், பிறகு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளரின் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். உங்களோடு ஒரு பையன் இருக்கிறான். வேனில், மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் பிரஷர் வாஷரைப் போடக்கூடாது. பாக்ஸ் தரையில் கிடக்கக்கூடாது. இடி கேட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு வாடையே கிடையாது, தெரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவான்.

கடைசியாகப் பணம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை மாதம் 60 வண்டி என்றால் 540 வண்டி. ஒவ்வொன்றிலும் 40 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்தால் 21,600 ரூபாய். மழை மாதங்களில் பையனின் சம்பளத்தில் விழுகிற பள்ளத்தை அது ஓரளவு நிரப்பும். வேலை இல்லாத நாளில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், துணிகளைத் துவைத்து உலர்த்தவும் பழைய கதவு ஒன்றில் பாலிஷ் மெஷின் பிடித்துப் பழகவும் வையுங்கள். ஜனவரியில் அவன் இன்னும் கூடுதலாக வேலை தெரிந்தவனாக வருவான்.

தம்பி, இந்த வாரமே அந்தக் கருப்பு காரின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. “சாமி கும்பிடுற நாள்ல” என்று திட்டினாரே, அவர் நம்பர் உங்களிடம் இன்னும் இருக்கும். இந்த வருட ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் முதல் செய்தியை அவருக்கே அனுப்புங்கள். “போன தடவை உங்களைக் காக்க வைத்துவிட்டேன் சார். இந்தத் தடவை இரண்டு நாள் முன்னதாகவே வந்து வேலையை முடித்துவிட்டு, பூஜையன்று காலையில் வந்து துடைத்துத் தருகிறேன்” என்று எழுதுங்கள். அன்று காலை தூறினாலும் பரவாயில்லை. துணியோடு போய் நில்லுங்கள்.